சனிக்கிழமை காலை ஒரு ரெயில் பயணம்

"லண்டனுக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. இதுவரை என்ன பார்த்தீர்கள்?" என்று ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டில் கேட்டோம். வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். குறொய்டனில் லூனார் ஹவுஸ், சட்டத்தரணியின் கந்தோர், டொக்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோயில். ஐந்து விரலும் முடிந்துவிட்டது. "வேலைக்குப் போற பஸ்ஸையும் சேர்க்கலாமோ?" என்று சிரித்தார். உள்ளே நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை.

இந்தப் பகுதியில் வழமையாகப் படிவங்கள், பள்ளிக்கூட அனுமதி, வாடகை என்று எழுதி வருகிறோம். இம்முறை அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்து, காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பும் ரெயில் பயணங்களைப் பற்றி எழுத விரும்புகிறோம். இது பணம் படைத்தவர்களுக்கான விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பணம்தான் முதற் கேள்வி என்பது எமக்கும் தெரியும். அதற்கு வருகிறோம்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். எம்மில் வயது கூடியவர்களுக்கு ரெயில் என்றால் யாழ்தேவி. 1956 இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியில் கொழும்புக்குப் போய்வராத உத்தியோகத்தர் குடும்பம் குறைவு. ஆனால் இன்று முப்பது, முப்பத்தைந்து வயதில் இங்கு வந்து சேரும் தாய் தகப்பன்மாரின் கதை வேறு. 1990 இல் வடக்கே ரெயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவர், பிறந்தபின் ஏறிய முதல் ரெயில் லண்டன் சுரங்க ரெயில்தான் என்று எம்மிடம் சொன்னார். மண்ணுக்குள்ளே ஓடுவதைத்தான் அவர் ரெயில் என்று அறிந்திருக்கிறார். வெளிச்சத்தில், வயல் தெரிய, ஜன்னலோரம் இருந்து போகும் ரெயிலை அவருக்குக் காட்ட வேண்டும் என்பதும் இதை எழுத ஒரு காரணம்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். "கேஸ் முடியவில்லை, ஊருக்கு வெளியே போகலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். பகலில் போய் இரவு திரும்புவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. உங்களுக்குத் தரப்பட்ட முகவரியில் வசிக்க வேண்டும், கையெழுத்திடச் சொன்ன நாளில் கையெழுத்திட வேண்டும். அவ்வளவே. ஆயினும் சிலருடைய கடிதத்தில் மேலதிக நிபந்தனை இருக்கக்கூடும். உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள், விளங்காவிட்டால் சட்டத்தரணியைக் கேளுங்கள். கையெழுத்து நாளில் மட்டும் எந்தப் பயணமும் வைக்க வேண்டாம். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் எங்கும் ரெயிலில் போக பாஸ்போட் கேட்பதில்லை. ரிக்கற் பரிசோதகருக்கு ரிக்கற்றும், சலுகை அட்டை இருந்தால் அதுவும் காட்டினால் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை. சென் பாங்கிராஸ் ஸ்ரேசனில் இரண்டு விதமான வண்டிகள் நிற்கும். கென்ற் பக்கம் போகும் வண்டி ஒன்று. கடலுக்கு அடியால் பாரிசுக்குப் போகும் யூரோஸ்ரார் மற்றது. பின்னையது நாட்டைவிட்டு வெளியேறும் பயணம். பெல்பாஸ்ற்றில் இருந்து டப்ளினுக்குப் போவதும் அப்படியே. நடுவே வேலி இல்லை என்பதற்காக எல்லை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இனிப் பணம். இந்த நாட்டில் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் இருக்கும் இரண்டு பேர் வெவ்வேறு காசு கொடுத்திருப்பார்கள். ஒருவர் மற்றவரைப்போல இரண்டு மடங்கு கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. எமது ஆட்கள்தான் அந்த இரண்டு மடங்கு கொடுப்பவர்கள் என்பது எமது அனுபவம். கேட்கக் கூச்சம், அல்லது மெசினில் முதலில் தெரிவதை அமத்திவிடுவது.

வேலை நாளில் காலை நெரிசல் நேர ரிக்கற் மிக விலை கூடியது. ஒன்பதரை மணிக்குப் பின் பல இடங்களில் விலை குறையும். சனி, ஞாயிறில் காலையிலிருந்தே குறைந்த விலைதான். ஆகவே சனிக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள். நெரிசலற்ற நேரத்து ஒருநாள் போய்வரும் ரிக்கற் என்று கேட்டு வாங்கினால், திரும்பி வரும் வண்டியை உங்கள் வசதிப்படி பிடிக்கலாம். அதைவிட மலிவாக முற்கூட்டியே வாங்கும் ரிக்கற்றும் உண்டு. ஆனால் அது குறித்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நாம் அதைச் சிபார்சு செய்யமாட்டோம். பிள்ளை மலசலகூடம் என்று சொன்ன அந்த ஐந்து நிமிடத்தில் வண்டி போய்விடும், ரிக்கற்றும் போய்விடும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காசு இல்லை. ஐந்து முதல் பதினைந்து வரை அரைக் காசு. இதற்கு மேலாகக் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்குமான ஒரு சலுகை அட்டை இருக்கிறது. 2025 மார்ச்சில் அதன் விலை 30 பவுணிலிருந்து 35 பவுணாக உயர்ந்தது. ஒரு வருடம் செல்லும். ஒரே அட்டையில் நாலு பெரியவர்களும் நாலு பிள்ளைகளும் போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும், பிள்ளைகளுக்கு அவர்களுடைய அரைக் காசிலிருந்தும் நூற்றுக்கு அறுபது குறையும். குறைந்தது ஒரு பிள்ளையாவது கூட வரவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்குப் போய்வர 20 பவுண், பிள்ளைக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் 60 பவுண். அட்டை இருந்தால் ஏறக்குறைய 35 பவுண். ஒரு பயணத்தில் 25 பவுண் மிச்சம். இரண்டாவது பயணத்தில் அட்டையின் காசு வந்து, மேலும் மிஞ்சும். நாலு பெரியவர் போகலாம் என்றபடியால் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஓர் அட்டையோடு போகலாம். அட்டையில் இரண்டு பேருடைய பெயரைப் போடலாம், அவர்களில் ஒருவர் பயணத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத இளைஞர்கள் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால், தென்பகுதி ரெயில் சேவைகள் பலவற்றில் அட்டை இல்லாமலே குழுவுக்கான மூன்றிலொரு கழிவு கிடைக்கும். கைத்தொலைபேசியில் வாங்குவதானால் ரெயில் சேவையின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் சில தனியாகக் கட்டணம் அறவிடுகின்றன.

பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. எமக்குத் தெரிந்த ஒருவர் மகளை மடியில் இருத்தி, "நாலு வயது" என்று பரிசோதகருக்குச் சொன்னார். பிள்ளை உடனே நிமிர்ந்து, நல்ல ஆங்கிலத்தில், தனக்கு அடுத்த மாதம் ஏழு வயது, பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டது. பரிசோதகர் நல்ல மனிதர். சிரித்துவிட்டுப் பிள்ளைக்குரிய ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்தார். சைக்கிளையும் வாங்க வேண்டி வந்தது.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. மேலே சொன்ன ஈஸ்ற்ஹாம் குடும்பம் ஒருமுறை பயணம் போனவர்கள்தான் என்பது பிறகு தெரிந்தது. பாடிங்ரனில் ஒயிஸ்ரர் அட்டையைத் தட்டி உள்ளே போய், ஒக்ஸ்போட் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். லண்டனுக்குள் எங்கும் செல்லும் அட்டை அங்கும் செல்லும் என்பது அவர்கள் நினைப்பு. அந்தப் பாதையில் ஒயிஸ்ரர் வெஸ்ற் டிறேற்றன் வரைதான். வங்கி அட்டையைத் தட்டிப் போனால் ரீடிங் வரை. ஒக்ஸ்போட்டுக்கு முன்கூட்டி ரிக்கற் வாங்கியே ஆகவேண்டும். நடுவழியில் சீருடையோடு பரிசோதகர் வந்ததும் தகப்பன் எழுந்து நின்றுவிட்டார். கை தானாகவே சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. வவுனியாவில் பழகின கை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவைவிடக் கூடிய காசு கட்ட வேண்டி வந்தது. காசைவிட அவரை வருத்தியது வேறு. இது ஹோம் ஒஃபிசுக்குப் போய்விடும், கேஸ் பழுதாகிவிடும் என்று அவர் நம்பினார். எட்டு மாதம் ரெயில் பக்கமே போகவில்லை. மனைவி சிரிக்காமல் நின்றதன் காரணம் அதுதான்.

ஆகவே இதைத் தெளிவாக எழுதுகிறோம். 2023 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் ரிக்கற் இல்லாப் பயணத்துக்குத் தண்டக் கட்டணம் 100 பவுணும் ஒருவழிப் பயணக் காசும். 21 நாட்களுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். அநியாயம் என்று எண்ணினால் அதே 21 நாட்களுக்குள் முறையீடு செய்யலாம். தண்டக் கட்டணம் கட்டுவது குற்றத் தீர்ப்பு ஆகாது. ஆனால் கட்டாமல் விட்டாலும், பொய்ப் பெயரோ பொய் முகவரியோ கொடுத்தாலும் விஷயம் நீதிமன்றம் போகலாம். அங்கே குற்றவாளி என்று தீர்ப்பானால், பின்னொரு நாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பயத்தில் வேறு பெயரைச் சொல்லிவிட வேண்டாம். பெயரைச் சொல்லுங்கள், கடதாசியை வாங்குங்கள், வீட்டுக்கு வந்து விளங்கினவர் ஒருவரிடம் காட்டுங்கள். இதை அந்தத் தகப்பனுக்கு எடுத்துச் சொல்ல எமக்கு ஒரு பின்னேரம் பிடித்தது.

அதன் பிறகுதான் நாலு குடும்பமாகச் சவுத்எண்ட் போவதென்று முடிவாயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு முதற் பயணமாக நாம் சொல்வது எப்போதும் சவுத்எண்ட் தான். ஒரு மணித்தியாலப் பயணம். வண்டி மாறத் தேவையில்லை. ஸ்ரேசனிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். லிவர்பூல் ஸ்றீற்றிலிருந்து புறப்பட்டு ஸ்ராற்போட் வழியாகச் சவுத்எண்ட் விக்ரோரியாவுக்கு ஒரு பாதை. பென்சேர்ச் ஸ்றீற்றிலிருந்து பார்க்கிங் வழியாகச் சவுத்எண்ட் சென்ற்றலுக்கு மற்றது. ஈஸ்ற்ஹாம், இல்பேட் பக்கத்தவர்கள் நகர மத்திக்குப் போய்த் திரும்பிவர வேண்டாம். பார்க்கிங்கிலோ ஸ்ராற்போட்டிலோ ஏறினால் ரிக்கற்றும் குறையும், நேரமும் மிச்சம்.

ஆனாலும் அன்று நாம் வேண்டுமென்றே லிவர்பூல் ஸ்றீற்றுக்குப் போனோம். அங்கே ஸ்ரேசன் வாசலில் பெட்டிகளோடு நிற்கும் பிள்ளைகளின் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. 1938, 1939 இல் ஹிட்லரின் கையிலிருந்து தப்புவிக்கப்பட்டு, பெரும்பாலும் யூதப் பிள்ளைகள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் தாய் தகப்பன் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்தார்கள். பலர் ஹாவிச் துறைமுகத்தில் இறங்கி, ரெயிலில் இந்த ஸ்ரேசனுக்கு வந்து சேர்ந்தார்கள். சிலையைச் செய்த பிராங் மைஸ்லரும் அப்படி வந்த பிள்ளைதான். 2006 இல் அது நிறுவப்பட்டது. எம்மோடு வந்த பையன் ஒருவன் சிலைப் பிள்ளையின் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "இதுக்குள்ள என்ன இருக்கும்?" என்று தாயைக் கேட்டான். "ஒரு சோடி உடுப்பும் ஒரு படமும்" என்று தாய் யோசியாமலே சொன்னாள்.

வண்டி ஊரைத் தாண்டியதும் பிள்ளைகள் ஜன்னலோடு ஒட்டிவிட்டார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகிகள் எம்மை மன்னிக்கமாட்டார்கள். ரெயிலில் உங்கள் சாப்பாட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம், தடை இல்லை. ஆனால் மூடின பெட்டிக்குள் மாசிச் சம்பலைத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நாம் றோல்சும் கட்லற்றும் வண்டிக்கு, புளிச்சோறும் பொரித்த மிளகாயும் கடற்கரைக்கு என்று பிரித்துக்கொண்டோம். தேத்தண்ணி போத்தலில். கடற்கரையில் சாப்பாட்டை மூடியே வைத்திருங்கள். அங்குள்ள கடற்பறவைகள் எங்களூர்க் காகத்தைவிடப் பொல்லாதவை. பிள்ளையின் கையிலிருந்த றோல்சை அப்படியே பறித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டோம்.

சவுத்எண்டில் பார்க்க வேண்டியது கடலுக்குள் நீளும் அந்தப் பாலம். இரண்டு கிலோமீற்றருக்கும் மேல் நீளம். உல்லாசத்துக்காகக் கட்டப்பட்ட பாலங்களில் உலகிலேயே நீளமானது அதுதான். 1830 இல் மரத்தால் தொடங்கியது, பின்னர் இரும்பாயிற்று. இத்தனை நீளம் எதற்கு என்று கேட்டால் விடை கடலில் இருக்கிறது. அது தேம்ஸ் நதி கடலோடு சேரும் முகத்துவாரம். வற்றும்போது கடல் ஒரு மைல் தூரத்துக்குப் பின்வாங்கிவிடும், வெறும் சேறுதான் கிடக்கும். கப்பலில் வந்தவர்கள் இறங்க வேண்டுமானால் பாலம் கடலைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பாலத்தின் மேலேயே ஒரு சிறு ரெயில் ஓடுகிறது. காசு உண்டு, போகும்போது நடந்து வரும்போது வண்டியில் வந்தால் முதியவர்களுக்கும் முடியும். புறப்படுமுன் வற்றும் நேரம், பெருகும் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பெருக்கு நேரத்தில் போனால்தான் பிள்ளைகளுக்குக் கடல். வற்று நேரத்தில் சேற்றில் தூரம் நடக்கவே விடாதீர்கள். கடல் திரும்பி வரும் வேகம் தெரியாமல் அகப்படுகிறவர்கள் உண்டு. பக்கத்து லீ ஒன் சீயில் இறங்கினால் மட்டி விற்பார்கள், அவித்து, வினாகிரி விட்டு. ஊர் மட்டியின் ருசியை எதிர்பார்க்காமல் சாப்பிட்டால் நல்லாகவே இருக்கும்.

எம்மோடு வந்தவர்களில் ஒரு தாய் முல்லைத்தீவுப் பக்கம். கடற்கரைக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு, மேட்டிலுள்ள பூங்கா வாங்கில் கடலுக்கு முதுகு காட்டி இருந்துவிட்டார். 2009 மே மாதத்துக்குப் பிறகு கடலைப் பார்க்கவில்லை என்று, யாரும் கேளாமலே, ஒருமுறை சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. இப்படியானவர்களை "வாங்கோ, பார்த்தால் எல்லாம் சரியாப்போம்" என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள் உண்டு. அது பிழை. கடலுக்குப் போவதென்று திட்டமிடும்போதே வருகிறவர்களை ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும், நாம் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் அவரோடு வாங்கிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தோம். மூன்று மணியளவில் கடல் வற்றத் தொடங்கியது. சேற்று மணம் மேலே வந்தது. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்து, "இது களப்பு மாதிரியெல்லோ கிடக்கு, கடல் இல்லையே" என்றார். பிறகு இறங்கிப் போய், சின்ன மகளின் காலில் பட்ட சேற்றைக் கழுவிவிட்டு வந்தார்.

ஈஸ்ற்ஹாம் தகப்பன் திரும்பும் வழியில் பரிசோதகர் வந்தபோது எழும்பவில்லை. எட்டுப் பேருடைய ரிக்கற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து நீட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அவரே கேட்டார், "ஒக்ஸ்போட்டுக்கு ஒழுங்கான ரிக்கற்றோட ஒருக்காப் போவமோ?" என்று. பாடிங்ரனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம். மேரிலெபோனிலிருந்தும் வண்டி உண்டு, சற்றுக் கூட நேரம் எடுக்கும், சில வேளை மலிவு. ஆனால் ஒரு பாதைக்கு மட்டும் என்று எழுதிய ரிக்கற்றோடு மற்றப் பாதையில் திரும்ப முடியாது. பாடிங்ரனில் முதலாம் மேடையில் கரடிக்குட்டியின் சிலை நிற்கிறது. பெரு நாட்டிலிருந்து கழுத்தில் ஒரு துண்டு கட்டி, தன்னந்தனியே வந்து ஸ்ரேசனில் நின்ற கரடி. மைக்கல் பொண்ட் 1958 இல் எழுதிய கதை. போர்க்காலத்தில் கழுத்தில் பெயர்த் துண்டோடு அனுப்பப்பட்ட பிள்ளைகளை நினைத்தே அந்தத் துண்டை வைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் படமெடுக்க ஐந்து நிமிடம் முந்திப் போங்கள்.

ஒக்ஸ்போட்டில் கல்லூரிகள் பலவற்றுக்கு உள்ளே போகக் காசு. வெளியே நின்று பார்த்தாலே போதும் என்பது எம் அபிப்பிராயம். அஷ்மோலியன் நூதனசாலைக்குக் காசில்லை. இங்கே எமக்கும் சம்பந்தமுள்ள ஒரு கதை இருக்கிறது. 1967 இல் ஏலத்தில் வாங்கப்பட்ட திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை ஒன்று இந்த நூதனசாலையின் உடைமையாக இருந்தது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கோயில் ஒன்றில் 1957 இல் எடுத்த புகைப்படத்தில் அதே சிலை இருப்பதை ஆய்வாளர் ஒருவர் கண்டார். 2024 இல் அதைத் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழகம் இணங்கியது.

ஆனால் நாம் அங்கே போனது கல்லறை ஒன்றைப் பார்க்க. வோல்ற்றன் ஸ்றீற்றுக்கு அருகே, ஒடுங்கிய வழியால் உள்ளே போனால் சென் செப்பல்கர் என்ற பழைய சேமக்காலை. ஸ்ரேசனிலிருந்து ஆறுதலாக நடந்தால் இருபது நிமிடம். ஜி. யு. போப் ஐயர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1820 இல் கனடாவில் பிறந்து, 1839 இல் தமிழ்நாட்டுக்குப் போய், சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகமண்டலத்திலும் வாழ்ந்தவர். முதுமையில் ஒக்ஸ்போட்டில் தமிழ் படிப்பித்தார். திருக்குறளை 1886 இலும், நாலடியாரை 1893 இலும், திருவாசகத்தை 1900 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசக முன்னுரையில் அவர் இட்ட தேதி அவருடைய எண்பதாவது பிறந்தநாள். 1908 இல் காலமானார்.

அவர் கல்லறையில் "தமிழ் மாணவன்" என்று பொறிக்கச் சொன்னார், அப்படியே பொறித்திருக்கிறது என்று எமக்கு ஊரில் படிப்பித்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். எம்மோடு வந்த அம்மம்மா ஒருவர் இதைப் பேரனுக்கு வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினொரு வயதுப் பேரன் கல்லின் முன்னால் குந்தியிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தான். இரண்டாம் முறையும் வாசித்தான். "அம்மம்மா, அப்பிடி இதில இல்லையே." உண்மை, இல்லை. அவர் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர், பேலியல் கல்லூரியின் குருவானவர் என்று இருக்கிறது. அவருடைய குடும்பத்தினரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்ததாக இருக்கிறது. அம்மம்மா சற்று நேரம் பேசவில்லை. வாத்தியார் சொன்னது பிழை என்று எழுபத்திரண்டு வயதில் கேட்பது லேசான விஷயமல்ல. பிறகு, "தமிழாக்கள் காசு சேர்த்துக் கல்லு வைச்சிருக்கினம், அதை வாசி திருப்பி" என்றார். பையன் மூன்றாம் முறையும் வாசித்தான். கையில் கொண்டுபோன செவ்வந்திப் பூவை வைத்துவிட்டு, அம்மம்மா திருவாசகம் பாடினார். சேமக்காலைக்குள் நாயோடு நடக்க வந்த ஆங்கிலேயர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

வேறு இடங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறோம். பிறைற்றனில் கடற்கரை கல்லுக் கடற்கரை, பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம். ரூற்றிங்காரர் கிளப்பம் சந்தியிலும், குறொய்டன்காரர் ஈஸ்ற் குறொய்டனிலும் ஏறலாம். கேம்பிறிட்ஜில் பிற்ஸ்வில்லியம் நூதனசாலை இலவசம். லிவர்பூல் ஸ்றீற்றிலிருந்து போனால் நேரம் கூடும், விலை பெரும்பாலும் குறையும். கன்ரபெரிக்குச் சென் பாங்கிராசிலிருந்து விரைவு வண்டி உண்டு, அதற்கு மேலதிகக் காசு, விக்ரோரியாவிலிருந்து போவது மலிவு. அங்குள்ள பேராலயத்தின் நிலவறைப் பகுதியில், மதக் கொடுமைக்குத் தப்பி வந்த பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்து அகதிகளுக்கு வழிபட இடம் கொடுத்திருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. இன்றும் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு மொழியில் வழிபாடு நடக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் தமிழில் என்ன செய்வார்கள் என்று வாதாடும் அன்பர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாதத்தைத் தொடரலாம்.

இன்னும் சில. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளத் திருத்த வேலை அடிக்கடி நடக்கும், ரெயிலுக்குப் பதிலாக பஸ் விடுவார்கள், ஒரு மணித்தியாலப் பயணம் இரண்டரை ஆகும். வெள்ளி இரவே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டியை நம்பி இருக்க வேண்டாம், அதற்கு முந்திய வண்டியையே கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 15 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் பெரும்பாலான சேவைகள் காசில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். 28 நாட்களுக்குள் கேட்க வேண்டும், ஆகவே வீட்டுக்கு வந்ததும் ரிக்கற்றை எறிந்துவிடாதீர்கள். தனியார் கம்பனிகளிடமிருந்த சேவைகள் 2025 மே மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக அரசின் கைக்குத் திரும்புகின்றன. சவுத்எண்ட் போகும் இரண்டு பாதைகளும் அந்த வருடமே திரும்பிவிட்டன. பெயர்ப்பலகை மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், சலுகை அட்டை முன்போலவே செல்லும்.

நத்தார் விடுமுறையில் பயணம் போகலாமென்று இருவர் கேட்டிருந்தார்கள். டிசம்பர் 25 இல் இந்த நாட்டில் ரெயில் ஓடாது. 26 இலும் பல பாதைகளில் ஓடாது. 27 இலிருந்து பாருங்கள். பகல் மிகக் குறுகியது, நாலு மணிக்கே இருட்டிவிடும், கடற்கரை வேண்டாம். ஒக்ஸ்போட்டுக்குப் போவதானால் சேமக்காலையை முதலில் பார்த்துவிட்டு நூதனசாலையைப் பின்னேரத்துக்கு வையுங்கள். இருட்டினால் சேமக்காலைக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.